பதினெட்டுக்குப் பதிலாக எண்பத்தொன்று

1. ஊஏநு

பதுளையில் இந்த வேலைக்குச் சேர்ந்து நான் வெளியிட்ட முதல் அறிவித்தலில் ஒரு சொல் யாருக்கும் விளங்கவில்லை. அந்தச் சொல் ‘ஊஏநு’.

அதற்கு முன் பதினான்கு வருடம் டவுனில் ஓர் அச்சகத்தில் டைப்செட்டிங் செய்துகொண்டிருந்தேன். கலியாணக் கார்டு, தேர்த் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல். தமிழ் வேகமாக டைப் பண்ணுவேன் என்பதற்காகத்தான் இங்கே எடுத்தார்கள். கணினிப் பாதுகாப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நேர்முகப் பரீட்சையிலேயே சொன்னேன். “பரவாயில்ல, தெரிஞ்சவங்க எழுதுறது யாருக்கும் வெளங்குறதில்ல” என்றார் பொறுப்பதிகாரி ரவீந்திரன் சேர்.

எங்கள் நிலையத்தின் வேலை இதுதான். ஏதாவது ஒரு மென்பொருளிலோ கருவியிலோ திருடன் நுழையக்கூடிய ஓட்டை இருப்பது தெரியவந்தால், அதைப் பாவிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள், கிளினிக்குகள், கூட்டுறவுக் கடைகள், கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் எங்கள் பட்டியலில் இருந்தன. திங்கட்கிழமை காலையில் கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஆங்கில மூலம் வரும். தில்ருக்ஷி என்ற பிள்ளை அதைச் சிங்களத்தில் எழுதுவாள். நான் தமிழில் எழுதுவேன். பின்னேரம் இரண்டையும் இணையப் பக்கத்தில் போட்டு, லிங்க்கை வட்ஸ்அப்பில் அனுப்புவோம்.

அச்சகத்தில் பழகிய பழைய எழுத்துருவில்தான் எனக்குக் கை ஓடும். அதில் அடித்து, மாற்றித் தரும் மென்பொருளில் போட்டால் இணையத்துக்கு ஏற்ற தமிழாக வரும். அந்த மென்பொருள் நல்ல உழைப்பாளி. கண்ணில் படுகிற எல்லாவற்றையும் தமிழாக்கும். ஓட்டையின் நம்பருக்கு முன்னால் வரும் ‘CVE’ என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் ‘ஊஏநு’ என்று ஆக்கிவிட்டது. நானும் அது ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்ட ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் போன் எடுத்தார்.

“மிஸ், இந்த ஊஏநு எங்க கம்ப்யூட்டர்ல இருக்கா இல்லையான்னு எப்படிங்க பாக்குறது?”

“இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

ரவீந்திரன் சேர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இனிமே நம்பர மட்டும் கடைசியா, கையால டைப் பண்ணுங்க.”

அப்படியே செய்யத் தொடங்கினேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு வரிதான் காரணம். ஆனால் அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

2. மூன்று வருத்தம்

நம்பர் எதற்கு என்பதை எனக்குப் புரியவைத்தவர் பண்டாரவளை ஃபாஹிம் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டரும் பாதுகாப்புக் கமராவும் விற்கிற கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் போனில் வந்தார்.

“மிஸ், இந்தக் கிழம கமராப் பெட்டிக்கு மூணு வருத்தம் வந்திருக்கு. மூணுக்கும் மருந்து போட்டுட்டேன். இப்ப பெட்டி ஓடுதில்ல.”

நடந்தது என்னவென்றால், அந்தப் பெட்டியைச் செய்த கம்பனி அந்த ஓட்டைக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு மிருகத்தின் பெயரை வைத்திருந்தார்கள். நான் ‘கமரா ஓட்டை’ என்று எழுதியிருந்தேன். ஃபாஹிம் நானா மூன்று பெயருக்கும் மூன்று தடவை மென்பொருளை ஏற்றியிருந்தார். மூன்றாவதாக ஏற்றியது வேறு மாடலுக்கு உரியது.

“மூணும் ஒண்ணுதான் நானா.”

“அப்ப ஏன் மூணு பேர் வெச்சீங்க?”

மூன்றில் ஒரு பெயர்தான் என்னுடையது. ஆனால் அந்த மூன்று அறிவித்தலிலும் நம்பர் ஒன்றாகவே இருந்தது. உலகத்தில் எங்கே ஓட்டை கண்டாலும் அதற்கு ஒரு நம்பர் கொடுக்கிறார்கள்: அந்த மூன்று எழுத்து, அடுத்து ஆண்டு, அடுத்து ஒரு தொடர் இலக்கம். யார் என்ன பெயர் சொன்னாலும் நம்பர் மாறாது. நம்பரைத் தேடினால் எந்தக் கம்பனியின் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் வரும்.

அதற்குப் பிறகு பெயர்களை விட்டுவிட்டு நம்பரை முன்னால் போட்டேன். இன்னொன்றும் நடந்தது. தன் கருவியின் பெயர் தமிழ் அறிவித்தலில் வந்ததால் வியாபாரம் கெட்டுப்போனது என்று ஒரு முகவர் கடிதம் போட்டார். “இனிமே கம்பனிப் பேரே வேணாம். என்ன மாதிரிக் கருவின்னு ஒரு வரி, அப்புறம் நம்பர். அது போதும்” என்றார் ரவீந்திரன் சேர். ஆக, எங்கள் அறிவித்தலில் நம்பர் ஒன்றுதான் உருப்படியான தகவல் என்று ஆனது.

3. பிழை

அன்றைக்குத் திங்கட்கிழமை. மழை. கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒன்பது ஓட்டைகள் வந்திருந்தன. ஆறாவது, தூரத்திலிருந்து இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பற்றியது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் உள்ளே வந்து இயந்திரத்தை நிறுத்தலாம். அவசரம் என்று போட்டிருந்தது. அதன் நம்பர் பதினெட்டில் முடிகிறது. நான் எண்பத்தொன்று என்று டைப் பண்ணினேன்.

முழு நம்பரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுபடி பிழை விடுவேனோ என்ற பயம் இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தில்ருக்ஷி தன் பக்கத்தையும் என் பக்கத்தையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்துப் படிக்கிறாள், அதனால் அவ்வப்போது அப்படிப் பார்ப்பாள்.

“அக்கா, ஆறாவது நம்பர் என்ட பக்கத்துல வேற, ஒங்கட பக்கத்துல வேற.”

மூலத்தைப் பார்த்தேன். அவளுடையதுதான் சரி. ரவீந்திரன் சேரிடம் போய்ச் சொன்னேன்.

“மாத்தி விடுங்க” என்றார்.

“திருத்தம்னு ஒரு வரி போடவா சேர்?”

“வேணாம். தமிழ்ப் பக்கம் தேவையான்னு கொழும்புல ஏற்கெனவே கேட்டுக்கிட்டிருக்காங்க. நாமளே போய் பிழை விட்டோம்னு எழுதிக் குடுக்கணுமா? அத எத்தன பேர் பாத்திருக்கப்போறாங்க.”

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. மாற்றினேன். அரை நிமிட வேலை. பக்கம் சுத்தமாக இருந்தது, முதலிலிருந்தே சரியாக எழுதியது போல. தேநீர் குடித்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

4. செல்வராஜ்

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது.

“மிஸ், நான் செல்வராஜ். லுணுகலைப் பக்கம் ஒரு ஸ்டோர்ல எலெக்ட்ரீசியன்.”

தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அவரை எனக்கு அதற்கு முன் தெரியாது.

“ஒரே ஒரு விஷயம் கேக்கணும் மிஸ். போன மாசம் நீங்க போட்ட ஒம்பதுல ஆறாவது நம்பர். அது எம்பத்தொண்ணுல தானே முடிஞ்சிச்சு?”

“என்ன ஆச்சுங்க?” என்று கேட்டேன்.

சொன்னார். கொழுந்தை வாட்டும் மாடியில் நீளத் தொட்டிகள் இருக்கும். பறித்த கொழுந்தை அதில் பரப்பி, கீழிருந்து பெரிய விசிறிகளால் காற்று விடுவார்கள். அந்த விசிறிகளை ஒரு பெட்டி இயக்குகிறது. தோட்டத்து மேலாளரான தொரை பங்களாவிலிருந்தும் போனில் பார்க்கலாம் என்பதற்காக அதை இன்டர்நெட்டில் இணைத்திருந்தார்கள். யாரோ எங்கிருந்தோ அந்தப் பெட்டிக்குள் நுழைந்து எல்லா விசிறிகளையும் நிறுத்தி, பெட்டியையும் பூட்டிவிட்டார்கள். காலையில் ஆட்கள் வந்து பார்க்கும்போது கொழுந்து சூடேறிச் சிவந்து அவிந்து கிடந்தது. நான்கு தேயிலை மலையில் பெண்கள் ஒரு நாள் முழுக்கப் பறித்தது. எல்லாவற்றையும் அள்ளி உரக்குழியில் கொட்டினார்கள்.

ஸ்டோரில் கணினிச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது செல்வராஜின் மேலதிக வேலை. எங்கள் அறிவித்தலை வாராவாரம் படித்து, ஒவ்வொரு நம்பரையும் தேடி, தங்களிடம் உள்ள கருவியா இல்லையா என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பார். ஆறாவது நம்பரையும் தேடியிருக்கிறார். எண்பத்தொன்றுக்கு வந்தது வேறு கம்பனியின் பெட்டி. அதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.

“தொரை கூப்பிட்டு விசாரிச்சாரு மிஸ். அவருகிட்ட இங்கிலீஷ் பக்கம் இருக்கு, அதுல பதினெட்டு. நான் தமிழ்ல எம்பத்தொண்ணுன்னு இருந்திச்சுன்னு சொன்னேன். உடனே போன்ல ஒங்க பக்கத்தத் தொறந்து காட்டுறாரு. அதுலயும் பதினெட்டு. நான் விஷயம் நடந்தப்புறம் பதிவேட்டுல எழுதி வெச்சேன்னு சொல்றாங்க. வேலைய நிப்பாட்டியிருக்கு. அடுத்த புதன்கிழம விசாரண.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நான் கண்ணால பாத்தேன் மிஸ். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் மாத்திப் பாத்துட்டேனா?”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். நான் சொன்னது: “பாத்துச் சொல்றேங்க.”

“சரிங்க மிஸ்” என்று வைத்துவிட்டார். பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. எனக்குத் தெரியும். இந்த வேலையில் நான் வெட்கப்படுகிற விஷயம் எண்பத்தொன்று இல்லை, இந்தப் பதில்தான்.

5. லிஃப்ட் இல்லை

மறுநாள் லீவு போட்டுவிட்டு லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் செல்வராஜ் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அயன் பண்ணிய சட்டை, பையில் பேனா. வேலை நிறுத்தப்பட்டவர் மாதிரி இல்லை, வேலைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். வீட்டில் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லையாம். காலையில் வழக்கம்போல் கிளம்பி டவுனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். நான்கு நாளாக இதுதான் அவருடைய வேலை நேரம்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் போனை நீட்டினார். பதிவேட்டை ஆபீஸில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். சின்னச் சின்ன எழுத்து. ஒன்பது நம்பரும் ஒன்றன்கீழ் ஒன்று. ஆறாவதற்கு நேரே எழுதியிருந்தது:

‘…81. தேடிப் பார்த்தேன். லிஃப்டை இயக்கும் பெட்டி. நம்ம ஸ்டோரில் லிஃப்ட் இல்லை. வேலை இல்லை.’

படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நீங்க பாத்தது சரிதாங்க. எம்பத்தொண்ணுன்னு நான்தான் எழுதினேன். நாலு நாளைக்கு அப்புறம் பதினெட்டுன்னு மாத்தினதும் நான்தான்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தார்.

“மாத்துனத யாருக்காச்சும் சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஒரு வரி போட்டிருந்தா நான் பாத்திருப்பேனே மிஸ். வாராவாரம் பாக்குறேனே. பதினெட்ட அன்னிக்கே தேடியிருப்பேன். அது நம்ம பெட்டி. ரெண்டு வாரம் இருந்திச்சு.”

இதை நான் பஸ்ஸில் வரும்போது யோசிக்கவே இல்லை. நம்பரைப் பிழையாக எழுதியதால் அவர் பெட்டியைத் தவறவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சொல்லாமல் திருத்தியதால்தான் கொழுந்து அவிந்தது, அதனாலேயே அவர் பொய்யராகவும் ஆனார் என்பது அந்தக் கடையில்தான் உறைத்தது.

“விசாரணைக்கு நான் வர்றேன்” என்றேன்.

“ஒங்க ஆபீஸ்ல விடுவாங்களா?”

“தெரியாது.”

அவர் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக் காசைக் கொடுத்துவிட்டார். நான் தடுத்தும் கேட்கவில்லை. மரியாதைக்கா, கடன் வைக்கக்கூடாது என்பதற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

6. ரவீந்திரன் சேர்

ரவீந்திரன் சேர் கெட்டவர் இல்லை. தமிழில் அறிவித்தல் வேண்டும் என்று கொழும்புக்கு மூன்று வருடம் கடிதம் எழுதி எழுதி வாங்கியவர் அவர். இல்லாவிட்டால் செல்வராஜ் மாதிரி ஆட்கள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

“நீங்க சொல்றது வெளங்குது” என்றார். “நீங்க போய் அங்க ஒப்புக்கிட்டா என்ன நடக்கும்? தோட்டத்து ஆளுங்க கொழும்புக்கு எழுதுவாங்க. தமிழ்ல பிழை, சிங்களத்துல சரி, இங்கிலீஷ்ல சரி. அப்ப தமிழ் எதுக்குன்னு கேப்பாங்க. ஒரு ஆளுக்காக எல்லாருக்கும் இல்லாமப் போகணுமா?”

அவர் சொன்னது உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான்.

“சேர், எல்லாருக்கும்னா யாரு?” என்று கேட்டேன்.

“என்ன?”

“வாராவாரம் ஒவ்வொரு நம்பரையும் தேடிப் பாத்து எழுதி வெக்கிற ஆளு, நமக்குத் தெரிஞ்சு இவரு ஒருத்தர்தான். இவர வேலைய விட்டுத் தூக்கிட்டா, நாம யாருக்கு எழுதுறோம்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. ஜன்னலைச் சாத்தினார்.

“பக்கத்தோட வரலாறு இருக்குமில்லையா?” என்றார் கடைசியில்.

இருந்தது. இணையப் பக்கத்தில் யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போட்டார் என்று அந்த மென்பொருள் தானாகவே எழுதி வைத்திருக்கிறது. என் பெயர், வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால், 81 போய் 18 வந்தது. எல்லாம் இருந்தது. தொரை பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். ஆனால் அதை எங்களால் மட்டும்தான் திறக்க முடியும்.

அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு அடியில் கையொப்பமிட்டு ரப்பர் ஸ்டாம்ப் அடித்தார். மாற்றச் சொன்னது தான்தான் என்றும் ஒரு வரி எழுதினார். அதை எழுதும்படி நான் கேட்கவில்லை.

7. விசாரணை

புதன்கிழமை தோட்ட ஆபீஸில் நீளமான மேசை. ஒரு பக்கம் தொரையும் டீ மேக்கரும், டீ மேக்கர் என்பவர் ஸ்டோருக்குப் பொறுப்பானவர். மறுபக்கம் செல்வராஜ். மூலையில் ஒரு கிளார்க் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். தொரை சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். தொரை கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

“அப்ப இவரு பொய் சொல்லல்ல.”

“இல்ல சேர்.”

“நீங்க பிழையா போட்டீங்க.”

“ஆமா சேர்.”

“பிழை யாருக்கும் வரும். சரி. அப்புறம் ஏன் யாருக்கும் சொல்லாம மாத்தினீங்க?”

வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். நடைமுறை, தலைமைக் காரியாலயம், தமிழ்ப் பக்கத்தின் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தது. வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

“வெக்கமா இருந்திச்சு சேர்.”

கிளார்க் பேனாவை நிறுத்தித் தலையைத் தூக்கினார். “வெக்கம்னே எழுதவா?”

“எழுதுங்க” என்றேன்.

எழுதினார். தொரை கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் இந்த மேசையில் அந்தக் காரணத்தை யாரும் சொன்னதில்லை என்றார். பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று பின்னேரமே செல்வராஜை வேலைக்கு எடுத்தார்கள். நின்ற நாட்களையும் வேலை நாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவருக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. பதிவேட்டில் நக்கலாக எழுதக்கூடாதாம். ‘நம்ம ஸ்டோரில் லிஃப்ட் இல்லை’ என்று எழுதியதை டீ மேக்கர் அப்படித்தான் எடுத்திருந்தார்.

வெளியே வந்ததும் செல்வராஜ் என்னிடம் சொன்னார்: “நக்கல் இல்ல மிஸ். உண்மையிலேயே லிஃப்ட் இல்ல.”

8. திருத்தம்

அடுத்த திங்கட்கிழமை தமிழ்ப் பக்கத்தின் உச்சியில் முதன்முதலாகத் திருத்தம் ஒன்றைப் போட்டோம். ரவீந்திரன் சேர் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கியிருந்தார். அதை நான் வெட்டினேன். காரணம் என் விரல்தான். கடைசியில் இப்படி வந்தது: முன்பு 81 என்று வெளியிட்டோம், அது பிழை, சரியானது 18, இன்ன நாளில் அறிவிக்காமல் மாற்றினோம், 81-ஐ நம்பி வேலை இல்லை என்று முடிவெடுத்தவர்கள் தயவுசெய்து மறுபடி பாருங்கள்.

அந்த வாரம் நான்கு இடத்திலிருந்து போன் வந்தது. நான்கு பேரும் 81-ஐத் தேடிப் பார்த்து விட்டுவிட்டவர்கள். இரண்டு பேரிடம் அதே பெட்டி இருந்தது, மொனராகலையில் ஒருவர், பண்டாரவளையில் ஒருவர். இரண்டுக்கும் அன்றைக்கே மருந்து ஏற்றினார்கள். எத்தனை பேர் பார்த்திருக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு ஐந்து என்பது பதில். செல்வராஜ் ஒருவர்தான் என்று நான் சொன்னதும் பிழை.

கொழும்பிலிருந்தும் கடிதம் வந்தது. ரவீந்திரன் சேர் அதைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்தார். தமிழ்ப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மொழியிலும் திருத்தத்துக்கென்று ஓர் இடம் ஒதுக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதத்திலேயே ஆங்கிலப் பக்கத்தில் இரண்டு திருத்தம் வந்தது. தமிழில் ஒன்றும் வரவில்லை. தில்ருக்ஷி அந்த ஆங்கிலப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். ரவீந்திரன் சேர் கழற்றச் சொன்னார். ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்.

இப்போது நம்பரை நான் கையால் டைப் பண்ணுவதில்லை. எழுத்தை மாற்றிய பிறகு மூலத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறேன். ஒட்டியதைத் தில்ருக்ஷி வாய்விட்டு வாசிப்பாள், நான் மூலத்தைப் பார்த்துச் சரி சொல்வேன். இரட்டை இரட்டையாக இல்லை, ஒவ்வொரு இலக்கமாக. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன். இதை எழுதச் சொன்னவர்கள் புதியவர்களுக்கு ஏதாவது பாடம் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீங்கள் போட்ட நம்பர் பிழை என்று தெரிந்தால், சரியான நம்பரை எழுதுங்கள், பிழையான நம்பரையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். யாரோ ஒருவர் அதை நம்பித் தன் பதிவேட்டில் எழுதியிருப்பார். அதை நீங்கள் அழித்தால் உங்கள் பிழை போகாது, அவருடைய சாட்சிதான் போகும்.

செல்வராஜ் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பின்னேரம் போன் எடுக்கிறார். சுகம் விசாரிப்பதில்லை. அவர் ஒரு நம்பர் வாசிப்பார், நான் மூலத்தைப் பார்த்துச் சரி என்பேன், அடுத்த நம்பருக்குப் போவார். எல்லாம் முடிந்ததும் “சரிங்க மிஸ்” என்று வைத்துவிடுவார். போன வாரம் நானே சொன்னேன்: “செல்வராஜ், இப்பதான் நாங்க ரெண்டு பேர் பாக்குறோமே, ஒவ்வொரு கிழமையும் நீங்க செக் பண்ணத் தேவையில்லங்க. இனிமே நம்பலாம்.”

“நம்புறேன் மிஸ்” என்றார். “மொத நம்பர வாசிக்கிறேன், பாருங்க.”